பந்தியில் உட்கார்ந்த ரயில்

1

பஞ்சாபில், எங்கள் ஊர் குருத்வாராவில், ஒரு அண்டாப் பருப்பு ஓடுகிற ரயிலை நிறுத்தியிருக்கிறது. நிறுத்தியதோடு விட்டதா? ரயிலைக் கீழே இறக்கி, தலையில் துணி கட்டச் சொல்லி, தரையில் சம்மணம் போட்டு உட்கார வைத்து, போதும் போதும் என்று கையை மறைக்க மறைக்க மேலும் இரண்டு ரொட்டி போட்டு, கை கழுவத் தண்ணீர் ஊற்றித்தான் வழியனுப்பியது. எஞ்சின் விட்ட ஏப்பம் எல்லைக் கம்பிவேலி வரைக்கும் கேட்டது.

நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆயுள் முழுக்க அடுத்தவர்கள் பேசுவதற்குக் கம்பி இழுத்தவன், இப்போதுதான் சொந்தமாகப் பேச ஆரம்பித்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். வேலை மாற்றலில் வந்து, இந்த ஊர்க் கடுகுக் கீரைக்கும் வெண்ணெய்க்கும் மயங்கி, திரும்பிப் போக மறந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பக்தியில் பிறக்கவில்லை. குர்மேஜ் சிங் மேல் வந்த கோபத்தில் பிறந்தது. குர்மேஜ் சிங் என் அடுத்த வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற ரயில் டிரைவர். எங்கள் ஊர் வழியாகப் போகிற அதே பாதையில் வண்டி ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகுதான் இங்கே மனை வாங்கிக் குடிவந்தார். குளிர்காலத்தில் வெயிலில் கட்டிலைப் போட்டுச் சீட்டாடும்போது நான் இந்த ரயில் கதையை எடுத்தால் போதும், சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"மதராசி ஜீ, ரயில் சிவப்பு விளக்குக்கு நிக்கும். பருப்புக்கு நிக்காது. விடுங்க."

"நான் கண்ணால பார்த்தேன் ஜீ."

"அந்த மூடுபனியில உங்க மூக்கு நுனியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ரயிலைப் பார்த்தாராம்!"

அதனால்தான் எழுதுகிறேன். எழுத எழுத அவருக்குப் பஞ்சாபியில் வாசித்தும் காட்டுகிறேன். அவருடைய ஆட்சேபணைகளை அடைப்புக்குறிக்குள் கட்டிப் போட்டிருக்கிறேன், முட்டுகிற மாட்டைக் கொட்டிலில் கட்டுகிற மாதிரி.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

ஒன்று: 'தை மாதப் பனி வெள்ளைக் கம்பளியைப் போல வயல்களைப் போர்த்தியிருந்த அந்த இனிய காலையில், நிரஞ்சன் கவுர் என்னும் —' அதற்கு மேல் பேனா நகரவில்லை. கம்பளி சூடு கொடுக்கும். எங்கள் ஊர்ப் பனி காதைக் கழற்றிக் கையில் கொடுக்கும்.

இரண்டு: 'ரயில் நின்றது.' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்புறம் நான் சொல்வதற்கு என்ன மிச்சம்?

மூன்று: வரலாறு. இதை மட்டும் கூட்டாமல் சொல்கிறேன்.

எங்கள் குருத்வாராவின் பெயர் பங்கத் சாஹிப். பங்கத் என்றால் பந்தி. சாப்பிட வரிசையாக உட்காருகிறோமே, அதேதான். வாளுக்கும் மரத்துக்கும் கிணற்றுக்கும் குருத்வாராக்கள் உண்டு, எங்களுடையது பந்திக்கு. மூன்றாம் குரு அமர்தாஸ், தம்மைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னவர். பேரரசர் அக்பரே வந்தபோதும் அதே விதிதான் என்று சொல்வார்கள். அரசருக்குத் தனிப் பாய் கிடையாது, தரைதான்.

அவருக்கு அடுத்த குருவின் காலத்தில் அமிர்தசரசில் குளம் வெட்டினார்கள். மண் சுமக்க நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் நடந்து போனார்கள். அப்படிப் போன ஒரு கூட்டம் எங்கள் ஊரில் தங்கியது என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. மாயி ரஜ்ஜி என்ற குயவர் வீட்டுப் பெண்மணி அவர்களுக்கு ரொட்டி சுட்டாள். கூட்டத்தில் எல்லாச் சாதியும் இருந்தது. நிலக்காரன் மரத்தடியில் தனியாக உட்கார்ந்தான், தோல் வேலை செய்கிறவன் வாய்க்கால் ஓரமாக ஒதுங்கினான், வணிகன் தன் தட்டைத் தானே கழுவி மடியில் வைத்துக்கொண்டான். மாயி ரஜ்ஜி ரொட்டிக் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றாளாம். பொழுது சாய்கிறவரைக்கும் நின்றாளாம். "ஒரே கோட்டுல உட்காருங்க. அப்பத்தான் கூடை கீழே இறங்கும்." பசி வென்றது. அவர்கள் உட்கார்ந்த அந்தக் கோடுதான் எங்கள் கோயில். பளிங்கும் குவிமாடமும் பின்னால் வந்தவை.

(குர்மேஜ் சிங்: "இதுக்கு எழுத்துல ஆதாரம் இருக்கா?" இல்லை ஜீ. ஊரே நான் கற்பனை செய்த ஊர் என்று வாசகருக்குச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சும்மா இருங்கள்.)

3

இனி நிரஞ்சன் கவுர். லங்கர், அதாவது குருத்வாராவின் பொதுச் சமையல், அவள் பொறுப்பு. தோள் அகலம், குரல் அதைவிட அகலம். அவள் 'வாஹேகுரு' என்று பெருமூச்சு விட்டால் நாலு வயலுக்கு அப்பால் கொக்கு பறக்கும்.

சில வருஷங்களுக்கு முன்னால், மாயி ரஜ்ஜியின் நினைவு நாள். அண்டாவில் முழு உளுந்துப் பருப்பு விடிவதற்கு முன்பிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. அதைவிட அதிகமாக நிரஞ்சன் கவுர் கொதித்துக்கொண்டிருந்தாள். காரணம், கமிட்டித் தலைவர் சர்வண் சிங் முந்தின வாரம், அவளைப் பாபி, அதாவது அண்ணி என்று அழைத்துச் சொன்ன சொல்.

"போன வருஷம் மிஞ்சினதை எருமைக்குப் போட்டோம் பாபி. தின்ன எருமை எல்லாம் அசைபோட மறந்து படுத்துக்கிச்சு. மாயி ரஜ்ஜி பேரைச் சொல்லிச் சோத்தை வீணாக்குறது பாவம். இந்த வருஷமும் மிஞ்சினா, அடுத்த வருஷம் டவுன் மிட்டாய்க்கடைக்காரர் கிட்ட காண்ட்ராக்ட் குடுத்திடறேன். அவர் ஆளுக்கு இவ்வளவுன்னு அளந்து போட்டுடுவார். மேசை நாற்காலியும் அவரே கொண்டாறாராம்."

"மேசை நாற்காலியா?" என்று நிரஞ்சன் கவுர் கேட்டாள். "அளந்து போட்டு, நாற்காலியில உட்கார வெச்சா, அது லங்கரா? கல்யாண மண்டபம். எல்லாருக்கும் அக்பரை விட முட்டி ஒசத்தியாப் போச்சா?"

"கோவப்படாத பாபி. மிஞ்சாமப் பாத்துக்கோ. அவ்வளவுதான்."

அவள் மாமியார் குடும்பம் தலைமுறையாகத் துடுப்புப் போட்ட அடுப்பு அது என்றெல்லாம் எழுதலாம். அது காரணமில்லை. கணவன் இறந்த வருஷம், வீட்டில் ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கத் தெரியாமல் அவள் தினமும் நாலு பேருக்குச் சமைத்துவிட்டு அழுதாள். லங்கர் அடுப்பில் எவ்வளவு சமைத்தாலும் அது சரியான அளவுதான். அதைப் பிடுங்கிக்கொண்டால் அவள் எங்கே போவாள்?*

* சர்வண் சிங்கைக் கெட்டவராக எழுதத்தான் முதலில் திட்டமிட்டேன். முறுக்கு மீசை, கொடூரச் சிரிப்பு எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் அந்த மனுஷர் வருஷம் தவறாமல் என் வீட்டுக்கு வெல்லம் கொடுத்தனுப்புகிறவர். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு எப்படிக் கொடூரச் சிரிப்பு எழுதுவது? அடித்துவிட்டேன்.

4

அன்று நடந்த தவறு எங்கள் ஜனங்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு.

மூடுபனியில் சாலை மூடிப் போனது. சுற்று வட்டாரத்திலிருந்து வருகிற கூட்டம் ஒன்றுகூட வரவில்லை. உள்ளூர் ஜனம் வந்தது, ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தது. ஆனால் அத்தனை பேரும் சேவை செய்ய வந்தார்கள். பரிமாறுகிற வாளியைப் பிடிக்க அடிதடி. ரொட்டி உருட்டுகிற இடத்தில் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒரு உருண்டை மாவுக்கு மூன்று கை. செருப்புத் துடைக்க வங்கி மேலாளரும் ஓய்வு பெற்ற சுபேதாரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். துடைக்க அவர்கள் செருப்பைத் தவிர வேறு செருப்பு இல்லை. பருப்பைக் கிண்ட வந்த ஒவ்வொருவரும் போகிற போக்கில் ஒரு கை உப்புப் போட்டுவிட்டுப் போனார்கள். அதைச் சரிக்கட்ட நிரஞ்சன் கவுர் தண்ணீர் விட்டாள். தண்ணீரைச் சரிக்கட்டப் பருப்புப் போட்டாள். அண்டா ஒன்று மூன்றானது.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. பாயில் ஒருவர்கூட இல்லை.

"சாச்சா, நீங்களாவது போய்ப் பந்தியில உட்காருங்க" என்று அவள் சுபேதாரிடம் கெஞ்சினாள்.

"நானா? நான் சேவைக்கு வந்தவன். தாயீயை உட்காரச் சொல்லு."

தாயீ என்கிற அந்த மூதாட்டி மாவுக் கையோடு திரும்பினாள். "ஏன்டி, உருட்ட வந்தவளை உண்ணச் சொல்றே? என் கை ரொட்டி வட்டமா வரலையா? சொல்லிடு, போயிடறேன்!"

"அய்யோ, நிலா மாதிரி வருது தாயீ. யாராவது சாப்பிடணுமேன்னு சொன்னேன்."

"கடைசிப் பந்தியில சாப்பிட்டுக்கறோம்."

"முதல் பந்தியே இல்லாம கடைசிப் பந்தி எப்படி வரும்?"

ஊரே கடைசிப் பந்திக்குக் காத்திருந்தது. சர்வண் சிங் அண்டாக்களை எட்டிப் பார்த்தார், தாடியைத் தடவினார். அந்தத் தடவல்தான் நிரஞ்சன் கவுரைக் கொன்றது. அவள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கடுகு வயல் பக்கம் போய் நின்றாள். அழுவதற்கு என்று எழுதியிருந்தேன். அவளிடம் காட்டினேன். "மூக்கு சிந்தப் போனேன்னு எழுது" என்றாள். அப்படியே எழுதுகிறேன்.

அப்போதுதான் —

5

ரயில் நின்றது.

(பார்த்தீர்களா, அந்த வாக்கியத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தேன்.)

வயலுக்கு அப்பால் ஒற்றைத் தண்டவாளம். எங்கள் ஊரில் ஸ்டேஷன் கிடையாது. அன்று ஒரு நீளமான ஊதல், இரும்பு தேய்கிற சத்தம், பிறகு நிசப்தம். பனிக்குள்ளிருந்து ஒரு குழந்தை வீரிட்டது. "டீ கிடைக்குமா இங்க?" என்று ஒரு ஆண் குரல். "இது எந்த இடம்னே தெரியல, டீயாம்!" என்று ஒரு பெண் குரல்.

ஏன் நின்றது? நிரஞ்சன் கவுர் சற்று முன்னால் தாளித்த நெய்யும் இஞ்சியும் பனியைக் கிழித்துக்கொண்டு போய் எஞ்சினின் மூக்கில் ஏறியது என்பது என் கட்சி.

(குர்மேஜ் சிங்: "எஞ்சினுக்கு ஏது மூக்கு? அடுத்த ஸ்டேஷன்ல பாதை கிடைக்கல, சிக்னல் சிவப்பு. தினம் நடக்கிறது." அவர் இவ்வளவு திட்டமாகச் சொல்வதால் சிவப்பு என்றே இருக்கட்டும்.)

நிரஞ்சன் கவுர் உள்ளே ஓடி வந்தாள். "வாளியைத் தூக்குங்க! பந்தி வந்திருக்கு!"

சர்வண் சிங் குறுக்கே வந்தார். நியாயமான மனுஷர், நியாயமாகத்தான் பேசினார். "பாபி, ஜன்னல்ல நீட்டினா அது தானம். லங்கர் இல்ல. பங்கத் சாஹிப்ல பந்தியில உட்காராம யாரும் சாப்பிட்டது கிடையாது. விதியை உடைச்சு அண்டாவைக் காலி பண்றதுக்கு, எருமையே மேல்."

"ஜன்னல்ல யார் நீட்டப் போறா? உட்கார வெச்சுப் போடறேன்."

"எங்க? தண்டவாளத்துலயா?"

"மாயி ரஜ்ஜிக்கு மட்டும் மண்டபமா இருந்துச்சு?"

சர்வண் சிங் கிரந்தியைப் பார்த்தார். வேதநூலை வாசிக்கிற கிரந்தி அன்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் கண்ணீரோடு சொன்னார்: "கோடு எங்க விழுதோ அதுதான் தலைவரே பங்கத் சாஹிப்."

முதலில் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் சர்வண் சிங்.

எங்கள் ஊரில் இருந்த பாய், கோணி, கட்டில் விரிப்பு, டிராக்டர் மூடுகிற தார்ப்பாய் எல்லாம் ரயிலை ஒட்டி வரிசையாக விழுந்தன. எஞ்சினிலிருந்து கார்டு பெட்டி வரைக்கும் ஒரே பந்தி. உலகத்தில் அவ்வளவு நீளமான பந்தி அதற்கு முன்னால் இருந்ததில்லை. இருந்திருந்தாலும் அதில் நான் இல்லை, அதனால் கணக்கில் வராது. ஜனங்கள் முதலில் தயங்கினார்கள். கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு பீகார்க் கூலிக் குடும்பம் உட்கார்ந்தது. அப்புறம் ராணுவ ஜவான்கள். முதல் வகுப்பிலிருந்து கோட்டுப் போட்ட ஒருவர் கையை மட்டும் நீட்டினார்.

"அம்மா, இப்படிக் குடுத்திடுங்க. கீழே ஈரமா இருக்கு."

"உட்கார்ந்தாத்தான் ரொட்டி ஜீ."

"கோட்டு..."

"கோட்டும் உட்காரட்டும். அதுக்கும் பசிக்கும்."

அவர் கூலிக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு அவருக்குத்தான் நாலாவது ரொட்டி தேவைப்பட்டது. சேவைக்காகக் காலையிலிருந்து கை ஊறிக் கிடந்த ஊர், வாளியோடு பனிக்குள் பாய்ந்தது. "தால் ஜீ! தால்! ரொட்டி ஜீ, ரொட்டி!" யார் யாருக்குப் போடுகிறோம் என்றே தெரியாது. பனிக்குள்ளிருந்து இரண்டு உள்ளங்கைகள் நீளும், ரொட்டி விழும், கைகள் மறையும்.

பந்தியின் தலைமாட்டில், எஞ்சின் பக்கம், டிரைவரும் இறங்கி வந்து உட்கார்ந்தார். கம்பளியை முகத்தைச் சுற்றி இழுத்துவிட்டிருந்ததால் தாடி மட்டும் தெரிந்தது.

(குர்மேஜ் சிங்: "டிரைவர் எஞ்சினை விட்டு இறங்கினாராம். எழுதுங்க, எழுதுங்க. காகிதம் உங்களுது.")

இரண்டு அண்டா காலியாகி மூன்றாவது பாதி இருக்கும்போது சிக்னல் பச்சையானது. பனியில் அந்தப் பச்சை எலுமிச்சம்பழம் போல மங்கலாகத் தெரிந்தது. நிரஞ்சன் கவுருக்குக் கை நின்றுவிட்டது. இப்போது ரயில் கிளம்பினால் பாதி அண்டா மிச்சம். பாதி அண்டா மிச்சமானால் அடுத்த வருஷம் மேசை நாற்காலி. அவள் எஞ்சின் பக்கம் பார்த்தாள். டிரைவரும் பச்சையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குனிந்து, ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தார். எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது அண்டாவின் அடி தெரிந்த பிறகுதான் ரயில் போனது.

6

இங்கே கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உங்களுக்கு முன்னாலேயே குர்மேஜ் சிங் அதைப் பிடித்துவிட்டார். பச்சை விழுந்தும் டிரைவர் ஏன் போகவில்லை?

எதையெதையோ வைத்து அடைத்துப் பார்த்தேன். அவருக்குப் பச்சை தெரியவில்லை — தெரிந்தது, நான்தான் பார்த்தார் என்று எழுதிவிட்டேனே. பருப்பின் ருசி — அதற்கு என் சொந்த ஓட்டு உண்டு. ஆனால் அதில் ஊரே உப்புப் போட்டிருந்தது. மாயி ரஜ்ஜியின் அருள் — இதைக் கிரந்தி சொன்னால் நான் தலைவணங்குவேன். நான் சொன்னால் ஓட்டையைப் பக்தியால் மூடுகிறேன் என்பீர்கள். ஒருவேளை டிரைவர் என்கிற ஆளே என் —

வேண்டாம், இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.

முடிவுகளும் கைவசம் உண்டு. முதல் முடிவில் காலி அண்டாவைப் பார்த்துச் சர்வண் சிங் கண் கலங்குகிறார். பொய். நிஜத்தில் அவர் அண்டாவைப் பார்த்து அலறினார், ஏனென்றால் சேவை செய்த ஊருக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. கடைசிப் பந்திக்குக் காத்திருந்த ஜனம் மொத்தமும் பட்டினி.

"மிஞ்சக் கூடாதுன்னுதானே சொன்னேன் பாபி, இப்படியா மிஞ்சாது?"

"காண்ட்ராக்ட் குடுக்கப் போறீங்களா தலைவரே?"

"காண்ட்ராக்டைத் தூக்கிக் குப்பையில போடு. முதல்ல ரெண்டு ரொட்டியும் ஊறுகாயும் இருந்தாக் குடு, கண்ணு இருட்டுது."

இன்னொரு முடிவில் அந்த டிரைவர் வருஷம் தோறும் வேறு வேஷத்தில் வந்து பந்தியில் உட்காருகிறார். இது எனக்கே கொஞ்சம் ஓவராகப் பட்டது. என்னை அறிந்தவர்களுக்கு அதன் தீவிரம் புரியும். இன்னொன்றை உங்களுக்காக வெறுமையாக விட்டிருந்தேன். டிரைவர் ஏன் எழுந்திருக்கவில்லை என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்து, பேனாவை மூடி, நேற்று முழுக் கதையையும் லங்கர் கூடத்தில் வாசித்துக் காட்டினேன்.

7

நிரஞ்சன் கவுரும் குர்மேஜ் சிங்கும் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசித்து முடித்ததும் அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள்.

"அந்த டிரைவர் யார் பெத்த பிள்ளையோ" என்றாள். "அவர் மட்டும் பச்சையைப் பார்த்ததும் எந்திரிச்சிருந்தா, என் அடுப்பை அன்னைக்கே பிடுங்கியிருப்பாங்க. அப்புறம் நான் வீட்டுல ஒத்தையா உட்கார்ந்து நாலு பேருக்குச் சமைச்சுக்கிட்டே இருந்திருப்பேன். ஒரு தடவை பார்த்தா, காலைத் தொட்டுக் கும்பிடணும்."

நான் ஆட்சேபணைக்காகக் குர்மேஜ் சிங்கைப் பார்த்தேன். அடைப்புக்குறி தயாராக வைத்திருந்தேன். அவர் தோலைத் தட்டில் போட்டு, பட்டாணியைக் குப்பைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கால் எல்லாம் வேண்டாம் பாபி" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"பச்சையில நிக்கிறது தப்பு. ஒரு தப்பும் பண்ணாத டிரைவர்னு இந்த ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறேன். மதராசி வேற சும்மா இருக்க மாட்டார், ரயில் ரயில்னு உயிரை எடுப்பார். நான் என்ன பண்றது? இல்லவே இல்லைன்னேன்."

"நீங்களா?" என்றாள் நிரஞ்சன் கவுர்.

"உதவி டிரைவர் மேல இருந்தான். நான் இறங்கினேன். எனக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை கைக்குழந்தைக்கு ஊட்டிக்கிட்டு இருந்தா. ஒவ்வொரு வாய்க்கும் அது என் தாடியைப் பிடிச்சு இழுத்துச்சு. சிக்னலைப் பார்த்தேன், அவளையும் பார்த்தேன். அவ இன்னும் ஒரு வாய்கூடத் தான் சாப்பிடல. வரிசையில அவ உட்கார்ந்திருக்கிறப்போ நான் எப்படி எந்திரிக்கிறது?"

நான் பேனாவை எடுத்தேன். என்ன எழுதப் போகிறேன் என்று அவர் எட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும், வெறுமையாக விட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"எழுதுங்க ஜீ. நடந்துச்சு."